ஏழாவது ஆட்டமும் இரண்டு கெட்டிமேளமும்

என் மகளின் கல்யாண வீடியோவில் கெட்டிமேளம் இரண்டு முறை கேட்கும். முதல் மேளம் கொட்டும்போது தாலி மாப்பிள்ளையின் கையில் இல்லை. மண்டபத்தின் பதினோராவது வரிசையில், கோவளத்திலிருந்து வந்த எங்கள் தூரத்து உறவுக்காரர் ஒருவர் அதைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். காரணம் நான்தான். அந்தப் பகுதியை வெட்டிவிடுகிறேன் என்று வீடியோக்காரர் சொன்னார். வேண்டாம், இருக்கட்டும் என்று மகள் சொல்லிவிட்டாள்.

எனக்குக் கூடைப்பந்துப் பைத்தியம். செங்கல்பட்டில் பெண்கள் பள்ளியில் படிக்கும்போது எட்டாம் வகுப்பிலேயே டீச்சரைவிட உயரமாக இருந்தேன். உயரமான பெண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் கையில் பந்தைக் கொடுத்தார்கள். கல்யாணமாகி, தபால் நிலையத்தில் வேலை கிடைத்து, மகளும் பிறந்து ஆட்டம் நின்றுபோனது. பைத்தியம் மட்டும் நிற்கவில்லை. அமெரிக்காவில் இரவு நடக்கும் ஆட்டம் நமக்கு விடியற்காலை ஐந்தரை மணிக்கு வரும். சமையலறையில் உப்பு ஜாடிமேல் போனைச் சாய்த்து வைத்துப் பார்ப்பேன். துவரம்பருப்பு வேகும் நேரமும் முதல் குவார்ட்டர், அதாவது ஆட்டத்தின் முதல் கால்பாகம், முடியும் நேரமும் ஒன்று. இறுதி நிமிடங்களில் எங்கள் வீட்டுத் தோசை எப்போதும் கருகும்.

என் அபிப்பிராயங்கள் கொஞ்சம் கடுமையானவை. யாரும் கேட்காவிட்டாலும் சொல்லுவேன்.

நான் வாக்கப்பட்டது சிவப்புச் சட்டை அணிக்கு. ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைத் தோற்பதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்த அணியின் முக்கியமான ஆள் ஒரு கிழவர். கிழவர் என்றால் முப்பத்தேழு வயது. அந்தத் தொழிலில் அது கிழம்தான். என் வீட்டுக்காரரின் பழைய டிப்பர் லாரி மாதிரி ஏற்றத்தில் முனகுவார், ஆனால் நின்றுபோக மாட்டார். சீசன் முழுக்க அவரைத் திட்டுவேன். "பந்தை வெச்சிகினு இன்னா யோசிக்கிற, அடி!" என்று நான் கத்த, என் வீட்டுக்காரர் போர்வைக்குள்ளிருந்து, "யாரைடி அடிக்கச் சொல்ற?" என்று கேட்பார்.

நான் திட்டலாம். வேறு யாராவது அந்தக் கிழவரைச் சொன்னால் எனக்குப் பொறுக்காது.

எனக்குப் பிடிக்காதது நீலச் சட்டை அணி. அதன் நட்சத்திரத்துக்கு மூன்று ஆட்டத்துக்கு ஒருமுறை ஓய்வு வேண்டுமாம். உடம்பில் ஒரு குறையும் இருக்காது. கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு ஓரத்தில் கால்மேல் கால் போட்டு, தலைத் தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பார். நான் காய்ச்சலோடு கவுண்டரில் உட்கார்ந்து மணியார்டர் எழுதியிருக்கிறேன். அதே அணியில் இன்னொருவர், பக்கத்தில் ஆள் மூச்சு விட்டாலே பொத்தென்று விழுந்து, ரெஃப்ரியைப் பார்த்து அழுவார். இன்னொருவருக்கு ஃப்ரீ த்ரோ போட வராது. பதினைந்து அடி தூரம், குறுக்கே யாரும் இல்லை, கூடை அங்கேயே இருக்கிறது, எங்கேயும் ஓடவில்லை. சுற்றி இருப்பவர்கள் கத்துகிறார்களாம், அதனால் தவறிவிடுகிறதாம். ஓய்வூதியம் வாங்கும் நாளில் என் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்று பார்க்கட்டும், கத்தல் என்றால் என்னவென்று தெரியும். அதற்காக நான் முத்திரையைத் தப்பான இடத்தில் குத்துகிறேனா?

எல்லாவற்றையும்விட என்னை எரியவைப்பது ஒன்று. நான் ஆடிய காலத்தில் ஃபவுல் செய்தவர் தானே கையைத் தூக்க வேண்டும். "ஆமாம், நான்தான்" என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்வது. இப்போது ஒருத்தரும் தூக்குவதில்லை. இரண்டு கையையும் விரித்து, "நானா? நான் தொடவே இல்லையே" என்று முகத்தை வைத்துக்கொள்கிறார்கள். நீல அணி முழுக்க இந்த முகம்தான்.

இந்தப் பைத்தியத்தால் நான் செய்த ஒரு தப்பு இருக்கிறது. மகள் பதினோராம் வகுப்புக்குப் புதுப் பள்ளியில் சேர்ந்தாள். ஜூன் மாதம், முதல் நாள். இறுதிச் சுற்று நடக்கும் மாதம். பஸ்ஸில் ஏறி, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எனக்குக் கை காட்டியிருக்கிறாள். நான் கேட்டில் நின்றபடி போனில் ஒரு ஃப்ரீ த்ரோ பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது பஸ் போய்விட்டது. அந்தப் பந்து உள்ளே போகவுமில்லை, வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது. பிறகு பல வருஷம், எதற்காவது சண்டை வந்தால், "அன்னிக்கி கை காட்டினேன், நீ பாத்தியா?" என்று கேட்பாள்.

அவளைப் பெண் பார்க்க வந்தது புதுப்பட்டினத்துக் குடும்பம். பெயிண்டு, பைப்பு விற்கும் கடை. பையன் வெளிநாட்டில் வேலை, இரண்டு மாத விடுமுறையில் வந்திருந்தான். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. கேசரியைச் சாப்பிட்டபடி பையனின் அப்பா ஜன்னல் வழியாகப் பின்பக்கம் பார்த்தார். அங்கே சுவரில் ஓர் இரும்பு வளையம். என் வீட்டுக்காரர் லாரி பட்டறையில் வெல்டிங் வைத்துக் கொடுத்தது. வளையத்தில் கோவளத்தில் கேட்டு வாங்கிய மீன்வலைத் துண்டைத் தொங்கவிட்டிருந்தேன்.

"இது யாரு ஆடுறது?" என்றார்.

"நான்தான்," என்றேன்.

அவர் தட்டைக் கீழே வைத்தார். "எந்த டீமு?"

என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். நான் சொன்னேன்.

"அடடா. அந்தக் கெழவனை இன்னுமா வெச்சிகினு கீறாங்க?"

பெண் பார்க்க வந்த இடத்தில் மேற்கொண்டு என்ன பேசினோம் என்பதை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. அவர் நீலம். வெறும் நீலம் இல்லை, அடிநாள் நீலம். ஓய்வெடுக்கும் அந்த நட்சத்திரத்தை "தங்கமான புள்ள" என்றார். விழுந்து விழுந்து அழுகிறவரைப் பற்றிக் கேட்டேன். "பாவம், அவருக்கு ஒடம்பு லேசு," என்றார். திங்கட்கிழமை ஆட்டங்களில் என் அணி ஏன் தோற்கிறது என்பதற்கு நான் ஒரு கண்டுபிடிப்பு வைத்திருந்தேன்: நமக்குத் திங்கள் ஏழரை முதல் ஒன்பது ராகு காலம், நான்காவது குவார்ட்டர் சரியாக அதில் வந்து மாட்டுகிறது.

"அங்க ஞாயித்துக்கெழம ராத்திரி, சம்மந்திம்மா. ராகு காலத்துக்கு விசா கீதா?" என்றார்.

கோபத்தின் நடுவிலும் ஒன்றைக் கவனித்தேன். நிச்சயம் ஆகுமுன்பே அவர் என்னைச் சம்மந்தியாக்கிவிட்டார். மாப்பிள்ளைப் பையனும் என் மகளும் அந்தச் சண்டை முழுக்க ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். சம்பந்தம் அப்படித்தான் அமைந்தது.

இப்போதுதான் பெரிய முட்டாள்தனம் வருகிறது. மே மாதக் கடைசியில் நாள் குறிக்க உட்கார்ந்தோம். அதற்குள் இறுதிச் சுற்றுக்கு வரும் இரண்டு அணியும் முடிவாகியிருந்தன: சிவப்பும் நீலமும். இறுதிச் சுற்று என்பது ஏழு ஆட்டம்; எந்த அணி முதலில் நான்கு ஜெயிக்கிறதோ அதற்குக் கோப்பை. நான்கிலும் முடியலாம், ஏழு வரைக்கும் இழுக்கலாம். ஜோசியர் இரண்டு முகூர்த்தம் கொடுத்தார். ஒன்று ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை, ஆறிலிருந்து ஏழரைக்குள். இன்னொன்று அதே வாரம் புதன்கிழமை, ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். மாமல்லபுரம் போகும் வழியில் கடலோர மண்டபம் இரண்டு நாளும் காலியாக இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை காலை ஐந்தரைக்குத்தான் ஏழாவது ஆட்டம், தேவைப்பட்டால். எனக்குத் தெரியும். சம்மந்திக்கும் தெரியும். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். புதன் என்று வாயைத் திறந்தால், என் அணிக்கு ஏழு ஆட்டம் வரை மூச்சு வாங்கும் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி. அதற்கு நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

"திங்கள்தான் நல்லது," என்றேன். "அஞ்சுலயே முடிஞ்சிடும்."

"திங்களே வெச்சிக்கலாம்," என்றார் அவர். "நாலு போதும்."

எதை முடிக்கிறோம் என்று மற்றவர்களுக்குப் புரியவில்லை. இரண்டு வீட்டாரும் இவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போய் இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை என்று ஜோசியர் மெச்சிக்கொண்டார். என் வீட்டுக்காரர்கூட நெகிழ்ந்துபோனார்.

முதல் ஆட்டம் நீலம். இரண்டாவது நாங்கள். மூன்றாவது நாங்கள். நான் சம்மந்திக்குப் போன் போட்டு, பந்தக்கால் நடுவதைப் பற்றிக் கேட்கிற மாதிரி கேட்டு, கடைசியில் ஸ்கோரைச் சொன்னேன். நான்காவது நீலம், அவர் புடவை எடுப்பதைப் பற்றிக் கேட்கிற மாதிரி போன் போட்டார். ஐந்தாவதும் நீலம். ஆறாவது ஆட்டத்தில் கிழவர் ஒரு காலை இழுத்துக்கொண்டே ஆடி ஜெயித்துக் கொடுத்தார். மூன்றுக்கு மூன்று. என் வாழ்நாளில் ஒரு வெற்றிக்காக நான் அவ்வளவு பயந்ததில்லை.

கருகின தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். மகள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"அப்ப ஏழாவது மேட்ச் என்னிக்கிமா?"

நான் தோசையையே பார்த்தேன்.

"திங்கக்கெழமதானே? தெரிஞ்சிதானே வெச்சீங்க, ரெண்டு பேரும்?"

"அஞ்சுல முடிஞ்சிடும்னு..."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். "அம்மா, தாலி கட்டுறப்ப நான் நிமிந்து பாப்பேன். நீ என்னையப் பாத்துகினு இருக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்," என்றாள். நகை விஷயத்தில்கூட அவள் அப்படிக் கேட்டதில்லை. தலையாட்டினேன்.

கல்யாணத்தன்று விடியற்காலை என் போனை அவளே வாங்கித் தாம்பூலப் பையில் போட்டுக்கொண்டாள். சம்மந்தியின் போனும் அதே பையில் விழுந்தது, மாமனார் ஆகப்போகிறவர் என்றும் விடவில்லை. இரண்டு பேரும் நிராயுதபாணியாக மேடையில் எதிரெதிரே நின்றோம். வெளியே கடல் சத்தம், உள்ளே நாதஸ்வரம். மணி ஐந்தே முக்கால். அங்கே பந்தை மேலே எறிந்திருப்பார்கள் என்று நினைத்தேன். உடனே அந்த நினைப்பை அடக்கிக்கொண்டேன். ஒரு மணி நேரம் நன்றாகத்தான் இருந்தேன்.

பிறகு சம்மந்தியின் முகத்தைக் கவனித்தேன். ஐயர் மந்திரம் சொல்ல, இவர் அடிக்கடி மண்டபத்தின் கடைசியைப் பார்த்தார். ஒரு தடவை புன்னகைத்தார். ஒரு தடவை உதட்டைக் கடித்தார். கன்னிகாதான மந்திரத்தில் உதட்டைக் கடிக்க ஒன்றுமில்லை. நானும் பார்த்தேன். அங்கே பெரிய திரையை இயக்கும் மேசைக்குப் பின்னால், போனும் கையுமாக வீடியோக்காரர். கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவர் என்று முந்தின நாளே சம்மந்தி விசாரித்து வைத்திருக்கிறார். வலது கையைத் தூக்கி நாலு விரல் காட்டினார், சம்மந்தியின் முகம் மலர்ந்தது. எனக்குப் புரிந்துபோயிற்று. வலது கை நீலம், நாலு பாயிண்ட் முன்னிலை.

பார்க்கக் கூடாது என்று திரும்பிக்கொண்டேன். மறுபடி பார்த்தேன். வலது கை, இரண்டு விரல். திரும்பிக்கொண்டேன். மூடிய கை, சமம்.

மகள் கூரைப்புடவை கட்டிக்கொண்டு வந்து மணையில் உட்கார்ந்தாள். தேங்காய்மேல் வைத்த தாலி, தட்டில் ஏறி, பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிப்பதற்காக வரிசை வரிசையாகப் போனது. எல்லோர் கையிலும் மஞ்சள் அரிசி. நான் மகளுக்குப் பின்னால் நின்றேன். ஒரே ஒரு தடவை என்று நிமிர்ந்தேன். வீடியோக்காரர் இடது கையைத் தூக்கி மூன்று விரல் காட்டி, முதுகை வளைத்து ஒரு காலை இழுத்து நடந்து காட்டினார்.

கிழவர்! தூரத்திலிருந்து மூன்று பாயிண்ட் போட்டிருக்கிறார்!

என் கை தானாக மேலே போனது. ஆள்காட்டி விரல் நீட்டியபடி, நன்றாக ஆட்டினேன் என்றுதான் வீடியோவில் தெரிகிறது.

நம் கல்யாணத்தில் மேடையிலிருந்து ஒரு விரல் உயர்ந்து ஆடினால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். தவில்காரர் நல்ல மனிதர், காலையிலிருந்து அந்த விரலுக்காகவே காத்திருக்கிறார். பெண்ணின் அம்மாவே காட்டிவிட்டாள். இரண்டு தவிலும் இடித்தன, நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனது, மண்டபமே எழுந்து நின்று அரிசியை வீசியது. மாப்பிள்ளை வெறும் கையை நீட்டியபடி திகைத்தான். தட்டு வைத்திருந்தவர் பதினோராவது வரிசையில் உறைந்து நின்றார்.

"நிறுத்துங்கோ! நிறுத்துங்கோ! தாலி இன்னும் வரலை!" என்று ஐயர் கத்தியது மேளத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

மேளம் ஒருவழியாக நின்றது. "யார் கை காட்டினது?" என்று ஐயர் கேட்டார். தலையெல்லாம் அரிசியோடு மகள் மெதுவாகத் திரும்பினாள். அந்தப் பார்வையைப் பார்த்தேன். பஸ் போன பிறகு வெறும் ரோட்டில் நின்ற அதே ஆளாக என்னை உணர்ந்தேன்.

எதிரே சம்மந்தி கையைத் தூக்கினார்.

"தப்பு என்னோடது," என்றார். "நான்தான் காட்டினேன். கொசு கடிச்சிச்சி."

உயர்ந்த அந்தக் கையைப் பார்த்துத் தவில்காரர் மறுபடி குச்சியை ஓங்கினார். ஐயர் இரண்டு கையையும் விரித்து, "அடிக்காதேள்!" என்று பாய்ந்தார். மண்டபம் சிரித்தது. அபசகுனம் என்று முணுமுணுக்க ஆரம்பித்தவர்களும் சிரித்துவிட்டார்கள். நீல அணியைப் பற்றி நான் சொன்ன எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்த அணிக்காரர் ஒருவர் தான் செய்யாத ஃபவுலுக்குக் கை தூக்கியதை என் கண்ணால் பார்த்தேன்.

மணி ஏழு பதினேழு. ஏழரைக்கு ராகு காலம். எல்லோர் கையும் காலி. அரிசி முழுக்கத் தரையில் கிடந்தது. என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடினார். பச்சரிசியில் மஞ்சள்தூளைக் கொட்டிப் பிசைந்து, சாம்பார் வாளியில் எடுத்து வந்து, பந்தியில் பரிமாறுகிற மாதிரி வரிசையாகக் கரண்டியால் போட்டுக்கொண்டே போனார். தட்டு மேடைக்கு ஓடி வந்தது.

ஏழு இருபத்தாறுக்கு உண்மையான கெட்டிமேளம். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டான். மகள் குனிந்த தலையை நிமிர்த்தித் தேடினாள். நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கிழவர், நீலம், மண்டபத்தின் கடைசி மேசை எதுவும் அப்போது என் ஞாபகத்தில் இல்லை. அவள் சிரிக்கவில்லை. லேசாகத் தலையசைத்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

அவள் ஆணைப்படி வீடியோக்காரர் கையைக் கட்டிக்கொண்டார். மதியச் சாப்பாடு முடியும்வரை ஸ்கோர் கேட்பதில்லை என்று எங்கள் இருவரிடமும் சத்தியமும் வாங்கிக்கொண்டாள். நானும் சம்மந்தியும் டிபன் பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்தோம். பொங்கல், வடை. மணி எட்டு.

"இப்ப ஒரு ரெண்டு நிமிஷம் பாக்கி கீதோ இன்னாவோ," என்றார் தணிந்த குரலில்.

"பேசாதீங்க சம்மந்தி. சத்தியம் பண்ணியிருக்கோம்."

"ராகு காலம் வேற." ஒரு வாய் பொங்கலை விழுங்கினார். "உங்களுக்குச் சொல்றேன்."

மதியச் சாப்பாடு முடியும்வரை இரண்டு பேரும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. அப்படிப்பட்ட ஒழுக்கத்தை அந்த இரண்டு அணியிலும் நான் பார்த்ததில்லை.

மூன்று மணிக்குப் பெண்ணை அனுப்பும் நேரம். காருக்குப் பக்கத்தில் மகள் தாம்பூலப் பையிலிருந்து என் போனை எடுத்துக் கையில் வைத்தாள்.

"கொசு கடிச்சது மாமாவைன்னு நான் நம்பிட்டேன்னு நெனச்சியா?"

"இல்ல."

"ரெண்டாவது தபா நீ பாத்தே. அது போதும்," என்றாள். சட்டென்று என்னைக் கட்டிக்கொண்டு, அதே வேகத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

கார் நகர்ந்தது. என் கையில் போன் ஒரு தடவை அதிர்ந்தது. காலையிலிருந்து சேர்ந்து கிடந்த செய்திகள், முடிவும் அதில்தான் இருக்கும். குனியவில்லை. கார் கேட்டைத் தாண்டியது, ஜன்னல் இறங்கியது, வளையல் நிறைந்த கை வெளியே வந்து ஆடியது. நான் கையை உயர்த்தி ஆட்டினேன். மண்டபத்து வாசலில் கருவியை உறையில் போட்டுக்கொண்டிருந்த தவில்காரர் பதறி நிமிர்ந்தார். நான் ஆட்டிக்கொண்டே இருந்தேன், கார் சவுக்குத் தோப்பு வளைவில் திரும்பி மறைகிறவரைக்கும்.

அதன் பிறகுதான் போனைப் பார்த்தேன். நீலம் ஜெயித்திருந்தது. ஒரு பாயிண்ட்.

அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதேன். சத்தம் போட்டு, மூக்கு ஒழுக. என் வீட்டுக்காரர் ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "இன்னாமா, இன்னா ஆச்சி?" என்றார்.

"ஒரு பாயிண்ட்ல தோத்துட்டோம்ங்க," என்றேன்.

"ஆமாமா," என்றார் அவர். கூடைப்பந்தில் பாயிண்ட் என்றால் என்னவென்று இன்று வரை அவருக்குத் தெரியாது. அவரும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.